கடை திறக்கும் முன் ஒரு சவரம்

அந்த முடிதிருத்தும் கடையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். வாடிக்கையாளர்களுக்கு அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். சின்னவருக்கே நாற்பது தாண்டித் தொப்பையும் விழுந்தாயிற்று, ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை. பெரியவர் சுத்தம் சுத்தம் என்று ஆளைக் கொன்றுவிடுவார். ஒவ்வொரு முகத்துக்கும் புது பிளேடு. உறையைப் பிரிப்பதை நாற்காலியில் இருப்பவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். "பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் கை கன்னத்துக்குப் போகும். அவசரமாக வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

பக்கத்துத் தையல்கடைக்காரருக்கு ஆபரேஷன் என்றதும் முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த பெண் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். "உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் சி இருக்கிற மாதிரி தெரியுது. ஈரலைத் தாக்குற வைரஸ். பயப்படாதீங்க, இப்ப மாத்திரையிலயே குணமாயிடும். ஆனா சீக்கிரம் டாக்டரைப் பாருங்க."

பெரியவர் காதில் ஏறியது வைரஸ் என்பது மட்டும்தான். குணமாகும் என்பது ஏறவே இல்லை.

கடையில் கண்ணாடிக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றிலும் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தார். மஞ்சள் இல்லை. பசி குறையவில்லை, வயிறு வலிக்கவில்லை. வெளியே மூச்சுக் காட்டாமல் வருஷக்கணக்கில் உள்ளேயே குடித்தனம் நடத்துகிற நோய் அது என்று அவருக்கு அப்போது தெரியாது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் நினைப்பார், அடுத்த நிமிஷம் மறுபடி கண்ணாடி முன்னால் போய் நிற்பார்.

டாக்டரைப் பார்க்கிற நாள் வருவதற்குள் அவரே வைத்தியம் ஆரம்பித்தார். தட்டு தனி, தம்ளர் தனி, படுக்கை தனி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். சின்னவரின் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டினால், "தள்ளிப் போம்மா" என்று விலக்கினார். மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சின்னவருக்கு மனசு பொறுக்கவில்லை. "அண்ணனுக்கு என் மேல என்ன அண்ணி? பாகம் பிரிக்கணும்னா நேரா சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டேவிட்டார். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார்.

டாக்டரம்மா நிதானமானவர். ரத்தப் பரிசோதனையை இன்னொரு முறை செய்து வைரஸ் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறருக்குப் போட்ட ஊசி, ஆபரேஷன், பச்சை குத்தியது எதுவும் இல்லை. தொழிலைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆளுக்கு ஒரு பிளேடுங்க. ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்கு வெச்சதே கிடையாது."

"நல்லது. உங்க வாடிக்கையாளர்களை அதுதான் காப்பாத்தியிருக்கு. உங்களுக்கு யார் ஷேவ் பண்ணிவிடுறாங்க?"

"தம்பிதான். கடை திறக்கிறதுக்கு முன்னாடி அவன் எனக்குப் பண்ணுவான், நான் அவனுக்குப் பண்ணுவேன். எங்க மூஞ்சி பளிச்சுனு இருந்தாத்தானே ஆள் உள்ள வருவாங்க?"

"அப்பவும் ஆளுக்கு ஒரு பிளேடா?"

"கூடப் பிறந்தவன்தானே, எதுக்கு ரெண்டு..." என்றவரின் கை தன் கன்னத்தைத் தொட்டது. அன்று காலையிலும் தனித் தட்டில் சாப்பிட்ட கையோடு போய், தன் கன்னத்தில் ஓடிய பிளேடைத் தம்பி கன்னத்தில் வைத்திருந்தார்.

"சேர்ந்து சாப்பிட்டா இது ஒட்டாது, குழந்தையைத் தூக்கினாலும் ஒட்டாது" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்தோட ரத்தம் பட்டாத்தான் பரவும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். தட்டை ஒண்ணா வைங்க, பிளேடைப் பிரிங்க. தம்பியை நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

அன்று மாலை கடையின் கதவைச் சாத்திவிட்டு, பெரியவர் எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னார். சின்னவர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இவ்வளவுதானா? நீ என்னை ஒதுக்கிட்டேன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன்."

"இவ்வளவுதானான்னா கேக்குற? உனக்கும் இருந்தா என்னடா பண்றது?"

இருந்தது. வீட்டில் மற்ற யாருக்கும் இல்லை, சின்னவருக்கு இருந்தது. ஸ்கேனில் அவர் ஈரல் அண்ணனுடையதைவிட மோசமாகத் தெரிந்தது, நிறையத் தழும்பு விழுந்திருந்தது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பெரியவர் அதை ஏற்கவே இல்லை. நான்தான், என் கையால்தான் என்று மனசுக்குள் மருகிக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம் இருவரும் ஒன்றாக மாத்திரை போட்டார்கள். அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, எந்த மூலையில் இருக்கிறார்களோ, பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கட்டும். முடித்துவிட்டு இன்னொரு மூன்று மாதம் பொறுத்திருந்து கடைசிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முடிவு கேட்க இருவரும் ஒன்றாகப் போனார்கள்.

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் வைரஸ் இல்லை" என்றார் டாக்டரம்மா. பிறகு சின்னவர் பக்கம் திரும்பினார். "உங்க தழும்பு உடனே மறையாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் சில வருஷம் தெரியாமலே விட்டிருந்தா, என்னால பெருசா எதுவும் செஞ்சிருக்க முடியாது."

நான்தான் கொடுத்தேன், எனக்குப் போய் இது ஏன் வந்தது என்று இத்தனை மாதமும் புலம்பிக்கொண்டிருந்த பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரு யாருக்குக் கொடுத்தா என்ன, எனக்கு வந்தது நல்லதாப் போச்சு டாக்டரம்மா. எனக்கு வரலைன்னா, இவனை யாரு இங்க கூட்டிட்டு வந்திருப்பா?"

சின்னவர் அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அடுத்த ஆளை அனுப்பலாமா என்று எட்டிப் பார்த்த நர்ஸிடம், கொஞ்சம் பொறுக்கும்படி டாக்டரம்மா கை காட்டினார்.