வெள்ளைக்கு மலை, சிவப்புக்குக் கடல்

நாளைக்குக் கப்பல். ஈப்போவிலிருந்து வந்து சிராங்கூன் ரோட்டில் தங்கியிருக்கிறோம். ஐரோப்பாவில் ஒரே ஓர் ஊருக்குப் போய்வரத்தான் எங்களுக்கு வசதி உண்டு. லண்டனில் படிக்கும்போது ஊர் சுற்றப் போன இடத்தில் இறந்த எங்கள் மகன் சேகரை அடக்கம் செய்திருக்கும் மலை ஊரா, அவன் கடைசியாகச் சிரித்தபடி படம் எடுத்து அனுப்பிய கடற்கரை ஊரா? நான் மலை என்கிறேன். மனைவி வாயே திறப்பதில்லை.

காளியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்க்கிறோம். வெள்ளைப் பூ வந்தால் மலை, சிவப்பு வந்தால் கடல். அவளே வாசலில் பூ வாங்கி, இரண்டு இலைப் பொட்டலங்களாகக் கட்டிவந்து அம்மன் முன்னால் வைக்கிறாள். குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரிக்கிறார். சிவப்பு அரளி. மற்றதைப் பிரிக்காமலே அவள் முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

வெளியே வந்ததும் பூக்காரரிடம் அவள் தலைக்கு மல்லிகை கேட்கிறேன்.

“மல்லி இல்லைங்க. மழையில ஜொகூர் பூ லாரி வரல லா. காலையிலேர்ந்து வெள்ளைப் பூவே கிடையாது. அம்மாகிட்டயும் சொன்னேன். பரவாயில்ல, ரெண்டும் சிவப்பாவே குடுங்கன்னாங்க.”

சற்றுத் தள்ளி அவள் தலைகுனிந்து நிற்கிறாள்.

“வா, கப்பல் ஆபீஸ் மூடிடுவாங்க. கடல் ஊருன்னு சொல்லிட்டு வந்துடலாம்” என்கிறேன்.

நடக்கிறாள். முந்தானை முடிச்சை மட்டும் கை விடவில்லை.