தாணுவின் நெற்றி

என் கணவர் ஸ்ரீகண்டன் முப்பது வருஷம் அரசு ஆபீஸில் கோப்பு தள்ளியவர். ஓய்வு பெற்றதும் வலியசாலை வீட்டுப் பின்கட்டை இருட்டறையாக்கி, கலைஞராகிவிட்டார். தாளில் பல்லேடியம் கரைசலைப் பூசி, நெகட்டிவை மேலே வைத்து, வெளிச்சம் காட்டி அச்சிடும் பழைய முறை. அதில் பிளாட்டினம் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தால் கறுப்பும் வெளுப்பும் கடுமையாகப் பிரியும். ஒரு சொட்டு போதுமான இடத்தில் இவர் ஆறு விடுவார். ஆபீஸில் மேலதிகாரியை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவரின் வீரமெல்லாம் இந்தச் சொட்டில்தான். என் படத்தில் தலைமயிரும் மூக்குத்தியும் உண்டு, கன்னம் கிடையாது.

போன மாதம் இவர் தங்கை கிருஷ்ணவேணியின் கணவர் தாணு இறந்துபோனார். பட்டை பட்டையாக விபூதி இல்லாமல் அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பதின்மூன்றாம் நாள் கூடத்தில் வைக்க ஒரு படம் அச்சிட்டுத் தரும்படி கிருஷ்ணவேணி கேட்டாள். அவள் கொடுத்தது, அவர் வெயிலில் நின்று எடுத்துக்கொண்ட படம்.

"ஒரு சொட்டு மதி, போறும்னா. வெயில்ல எடுத்ததாக்கும்" என்றேன்.

"நீ போய்ச் சாம்பாரைப் பாரு. கான்ட்ராஸ்ட் எனக்குத் தெரியும்."

ஆறு சொட்டும் விட்டார். அந்த ஒரு அச்சோடு பல்லேடியம் குப்பியும் காலி. அடுத்த குப்பி வர ஒரு மாதம் ஆகும்.

மீசை மையாகக் கறுத்திருந்தது. நெற்றியும் விபூதியும் சேர்ந்து வெறும் தாளாகிவிட்டன. சட்டம் போட்டு, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அண்ணா, அவர் பட்டை எங்கே?"

"அது ஹைலைட், வெளிச்சம் விழற இடம். கலை தெரிஞ்சவாளுக்குப் புரியும்."

கிருஷ்ணவேணி விபூதியைக் குழைத்துப் படத்தின் கண்ணாடிமேல் மூன்று கோடு இழுத்தாள். வெள்ளையின் மேல் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கனமாக இழுத்தாள். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெறும் நெத்தியோட வாசல்படிகூடத் தாண்டமாட்டாரே, மன்னி" என்று அழுதாள். எனக்கு இவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

பதின்மூன்றாம் நாள் கூடத்தில் மாலையோடு இருந்தது வேறு படம். தாணுவின் ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கியது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஆனால் நெற்றியில் மூன்று பட்டை இருந்தது.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"கான்ட்ராஸ்டே இல்லையே. ரொம்ப மங்கல்" என்றார்.

கிருஷ்ணவேணி திரும்பாமலே விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"ஆமாம்ண்ணா. இதுதான் அவர்."