முன்கூட்டிச் சொன்ன சாட்சி

இது நான் ஜெயித்த கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

தாம்பரம் வட்டாரத்தில் என் ஜெபத்துக்கு ஒரு பெயர் உண்டு. புது வீடு, நிச்சயதார்த்தம், அடக்க ஆராதனை, எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கால் மணி நேரத்துக்குக் குறைந்து நான் ஜெபித்ததே இல்லை. பிரியாணி ஆறுகிறது என்று என் மனைவி பின்னாலிருந்து சட்டையை இழுப்பாள். அப்போதும் இன்னும் இரண்டு வசனம் சேர்த்த பிறகுதான் ஆமென் சொல்வேன்.

அந்த வாய் ஏழு மாதம் அடைத்துப்போனது. காரணம் நானே தேடிக்கொண்டது.

என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கிடைப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டது என்று விசுவாசத்தோடு சாட்சி சொல்லி நன்றி செலுத்துவோம். ஒரு ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, அவள் பூரண சுகமாகிவிட்டாள் என்று நானும் அறிவித்தேன். சபையே கைதட்டியது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "இன்னும் அடுத்த ஸ்கேனே எடுக்கலையே, அதுக்குள்ள ஏங்க சொன்னீங்க?"

அவிசுவாசமாகப் பேசாதே என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு தன் நோயைப் பற்றி அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை. ஐந்து மாதத்தில் போய்விட்டாள்.

சபையில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தம் என்றார்கள். ஜெபிக்கக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. வீட்டில் முழங்காலில் நிற்பேன், ஒரு சொல்லும் வராது, எழுந்துவிடுவேன். மனைவியோடு ஜெபமும் போய்விட்டதே, இனி எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது என்று உண்மையிலேயே பயந்தேன்.

அப்போதுதான் முடிச்சூரிலிருந்து ஒரு பெண் துக்கம் விசாரிக்க வந்தார். தையல் வேலை செய்பவர், கீமோ வார்டில் என் மனைவிக்குப் பக்கத்துக் கட்டில். அவருடைய அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். என் மனைவி தன் பயத்தையெல்லாம் அவரிடம்தான் கொட்டியிருக்கிறாள். மருந்து ஏறும்போது மூச்சைக் கவனித்துக்கொண்டு அமைதியாக இருக்கவும் அவரிடம் கற்றிருக்கிறாள். அந்த நேரமெல்லாம் நான் வராந்தாவில் நின்று சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் பெண்டாட்டி புத்தரைக் கும்பிடுகிறவரிடம் போய் அழுதாளா? அப்படி என்னதான் கிடைத்தது என்று பார்த்துவிடலாம் என்றே அடுத்த ஞாயிறு மாலை அவர்கள் கூடும் இடத்துக்குப் போனேன்.

பெருங்களத்தூரில் ஒரு வீட்டு மாடி. தகரக் கூரை, பாய்கள், சின்னப் புத்தர் சிலை, சுவரில் நீலக் கோட்டுத் தலைவரின் படம். இருபது பேர் இருப்பார்கள். மூன்று முறை சரணம் சொன்னார்கள். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் இப்படி அமைதி விழுந்தால், அடுத்து ஜெபிக்க வேண்டியவர் தயங்குகிறார் என்று அர்த்தம். மூத்தவர் ஒருவர் உடனே எழுந்து அதை நிரப்பிவிட வேண்டும். முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? என்னையறியாமல் எழுந்து நின்று, "எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே" என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டேன். எதிரே புத்தர். வெட்கத்தில் காது சுட்டது.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தடுமாறி நிற்பதை உணர்ந்து அந்தப் பெண் மட்டும் மெல்லச் சொன்னார்: "முடிச்சிட்டே உக்காருங்க சார். இங்க யாருக்கும் அவசரம் இல்ல."

"ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். அவ பயந்தப்ப அவ வாயை அடைச்சேன்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஏழு மாதத்தில் எனக்கு வந்த முதல் ஜெபம் அது.

அன்று முதல் ஞாயிறுதோறும் காலையில் சபை, மாலையில் பெருங்களத்தூர். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. போதகர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். மூச்சைக் கவனிக்கப் போகிறேன் ஐயா, மூச்சைக் கொடுத்தவரை விட்டுவிடவில்லை என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார். அந்த மாடியில், எதையும் கேட்காமல், எதையும் அறிவிக்காமல் உட்காரக் கற்றுக்கொண்டேன். அவள் ஞாபகம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடவும் பழகினேன். எனக்காக ஜெபிக்க முடிந்தது. இன்னொருவருக்காக ஜெபிக்கத்தான் துணிவு வரவில்லை. மறுபடியும் எதையாவது அறிவித்துத் தொலைப்பேனோ என்று நடுக்கம்.

போன வருடம் அந்தப் பெண்ணுக்கு மறுபடி கட்டி வந்தது. ஆபரேஷன் அன்று காலை குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"உங்க சாமிகிட்ட எனக்கோசரம் ரெண்டு வார்த்த சொல்லுங்க சார். சரியாப்பூடும்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு பயமா கீது."

என் மனைவி சொல்ல நான் விடாத வார்த்தை அது. இந்த முறை அதை அவசரமாக மூடவில்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலைந்து மூச்சு அப்படியே நின்றேன். பிறகு வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, இந்தத் தங்கச்சி பயந்துபோயிருக்கா. என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. நீர் கூடவே இரும். ஆமென்."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. போதும் சார் என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடினார். உள்ளே கொண்டுபோனார்கள். கட்டியை நல்லபடியாக எடுத்துவிட்ட செய்தி பிற்பகலில்தான் வந்தது. இப்போது அவர் மறுபடி தைக்கிறார். ஆனால் நான் ஜெயித்தது அந்தச் செய்தி வருவதற்கு முன்பே, ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோது. சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது.

பெஞ்சிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் அம்மாள், உள்ளே இருக்கும் தன் மகனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன பயம்மா என்று கேட்டேன்.