நான்காவது கதவு

2007 ஒக்டோபர் 17, புதன்கிழமை, மாலை நான்கு இருபது. வெள்ளவத்தையில் மழை தூறிக்கொண்டிருந்தது. என் மகன் மடிக்கணினியில் ஒரு விளையாட்டுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். அதில் ஒரு காவலன் ஆறு கதவுகளைத் தட்டித் திருடர்களைத் தேடவேண்டும். கடைசியில் வாசல் படலையைப் பூட்டவேண்டும். காவலனோ மூன்றாவது கதவில் ஒருவனைப் பிடித்ததும் போய்விட்டான். படலை திறந்தே கிடந்தது.

“மிச்சம் மூண்டையும் ஏன் விட்டவன்?” என்றேன்.

“ரிட்டர்ன் எண்ட சொல்லைப் போட்டிட்டன், அப்பா. அதைக் கண்டால் முழு வேலையும் அந்த இடத்திலேயே முடிஞ்சுது. பிரேக் எண்டால் தட்டுறதை மட்டும் விட்டிட்டு, கீழ இருக்கிற வரிக்குப் போய்ப் படலையைப் பூட்டும். கன்டினியூ எண்டால் அடுத்த கதவுக்குப் போகும். அதுதான் போட்டிருக்கவேணும்.”

“எண்ணாமல் எழுதினால் இப்பிடித்தான்.”

“நீங்கள் இருக்கேக்க நான் ஏன் எண்ணவேணும்?”

அவன் திருத்துவதற்குள் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பொலிஸ் சோதனை. எங்கள் மாடியிலும் ஆறு கதவுகள், எங்களுடையது நான்காவது. கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவை மகன் இன்னும் புதுப்பிக்கவில்லை. அகப்பட்டால் கொண்டுபோய்விடுவார்கள்.

முதல் கதவைத் தட்டினார்கள். பிறகு இரண்டாவது. மூன்றாவதில், புறக்கோட்டை மீன் சந்தையில் வேலைசெய்யும் மலையகத்து இளைஞன் ஒருவன் வாடகைக்கு இருந்தான்.

“பதிஞ்சிருக்கேன் சார், துண்டு சந்தையில இருக்கு” என்று அவன் சொல்வது சுவர் வழியே கேட்டது.

“ஹரி, யமு”, சரி, போவோம் என்றது வேறொரு சிங்களக் குரல்.

சப்பாத்துகள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு படியிறங்கின.

சன்னலால் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் போகும்போது இழுத்துச் சாத்துகிறவர்கள், அன்று படலையை மழையில் ஆடவிட்டுப் போயிருந்தார்கள். திரையிலும் அப்படியே.

மகன் விசைப்பலகையில் கைவைத்தான்.

“தொடாதை.”

“அப்பா, இது வெறும் விளையாட்டு. நாளைக்குக் குடுக்கவேணும்.”

“மாத்தினால் அடுத்த கதவு எங்கட.”

அவன் சிரிக்கப் பார்த்தான். கீழே படலை தூணில் மோதியது. கையை எடுத்துவிட்டான்.

மறுநாள் காலையே பதிவைப் புதுப்பித்தோம். அதன் பிறகும் அந்த ஒரு சொல்லை மாற்ற அவன் துணியவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது கதவு பூட்டியே கிடந்தது. விளையாட்டை எழுதித்தரச் சொல்லி மகனுக்கு வேலை கொடுத்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தேன்: பதினோராயிரத்து ஐந்நூறு ரூபா.