ஏக்கத்துக்காகக் காத்திருந்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டு மாப்பிள்ளையைக் கலைஞர் என்று சொல்பவர்கள் அவரோடு ஒரு வாரம் குடியிருந்துவிட்டு வந்து சொல்லட்டும். என் தங்கை புருஷன்தான். வயது நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. அதில் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் இம்மி பிசகாமல் லென்ஸ் தேய்ப்பார். கட்டிய பெண்டாட்டியை மட்டும் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கிட்டார் வாங்கினார். பிடித்தது சனி. சொந்த வரி, சொந்த மெட்டு, எல்லாம் காதல் பாட்டு, எல்லாம் என் தங்கையைப் பற்றி. படுக்கையறை அலமாரியிலிருந்து துணிமணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, அந்த அலமாரிக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்வார். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது. குழாய் திறக்கக் கூடாது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று விற்றுவிட்டு வந்தவள், பாத்திரத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தென்றலைப் பற்றி உருகி ஒரு பாட்டு. அதற்காக மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. இவள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பாட்டில் இவளுடைய நீண்ட கூந்தல் வருகிறது. அவள் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. அதை நான் கேட்டதற்கு, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றாராம். என் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் ஏது? தங்கையிடம் சொல்லி அனுப்பினார். மெட்டெல்லாம் கேட்க இனிமையாக வேறு இருந்து தொலைத்தது. எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

ஒன்பது பாட்டு முடிந்ததும் ஞானம் பிறந்தது. பிரிவைப் பற்றி ஒரு பாட்டு இல்லாவிட்டால் ஆல்பம் முழுமையாகாதாம். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இவள் அவரை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பிறகு பிரிவு எங்கிருந்து வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் ஒரு பையையும் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்க்கா. எனக்கு ஏக்கம் வரணும். வந்ததும் எழுதி முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"மாப்பிள்ளை, ஏக்கம் என்ன பார்சலா, வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்க?" என்றேன். சிரித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

தங்கைக்கோ உச்சி குளிர்ந்திருந்தது. "என்னை நினைச்சு ஏங்கப் போறாராம்க்கா," என்றாள், புதுப்பெண் மாதிரி. தலையில் நறுக்கென்று குட்டலாம் போல இருந்தது எனக்கு.

என் வீடு ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. அவள் சோபாவில் காலை மடக்கிப் படுத்தாள். வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். தினமும் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போடுவாள். "வந்துச்சாங்க?" என்பாள். "இன்னும் வரல. கொஞ்சம் பொறும்மா," என்று பதில் வரும். ஒரு வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் சிரிப்பில்லாமல் கேட்டாள். ஒரு மாதம் தாண்டியபோது துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"ஏன்க்கா, நான் இல்லாதது அவருக்கு ஒண்ணுமே தெரியலையா?"

அவள் மடிப்பிலிருந்து பாதித் துணியை இழுத்து நானும் மடித்தேன். அந்த ஆளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பாட்டு வந்து தொலையட்டும் என்று வேண்டவும் செய்தேன், அவளுக்காக.

நாற்பத்து மூன்றாம் நாள் வந்தார். பாட்டு முடிந்துவிட்டதென்று முந்தின நாளே போன் செய்திருந்ததால், தங்கை பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். ஸ்பீக்கரை என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் போட்டுக் காட்டினார். முகம் சுளிக்கத் தயாராகத்தான் நின்றேன். முடியவில்லை. ஒன்பதையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது அந்தப் பத்தாவது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினொரு வருடத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"இவ்ளோ நாள் கழிச்சு எப்படிங்க வந்துச்சு?"

"இவ்ளோ நாளா?" பெருமை தாங்கவில்லை அவருக்கு. "அன்னிக்கே வந்துடுச்சு. உன்னை விட்டுட்டுத் திரும்பிப் போன பஸ்லயே. அரை மணி நேரம், முழுப் பாட்டும்."

"அப்ப மிச்ச நாளெல்லாம்?"

"வீடு அமைதியா இருந்துச்சும்மா. பழைய ஒன்பதையும் மறுபடி பாடி எடுத்துட்டேன். ஒரு சத்தம் இல்ல. கேட்டுப் பாரு, எவ்ளோ சுத்தமா இருக்குன்னு."

நான் வாயைத் திறந்தேன். தங்கை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். வாசலில் இருந்த பையை எடுத்துவந்து சோபாவில் வைத்தாள். ஸ்பீக்கரை வயரோடு சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"கிளம்புங்க," என்றாள். "திரும்பிப் போற பஸ்ல இன்னொண்ணு வரும்."