கொளஞ்சியப்பன் கை

மந்தாரக்குப்பத்தில் இப்போதெல்லாம் செத்துப்போனவர்களைச் சும்மா விடுவதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினால் மட்டும் போதாதாம். போனில் ஸ்டேட்டஸ் வைக்க, போனவர் கண்ணைச் சிமிட்டி, கையெடுத்துக் கும்பிட்டு விடைபெற வேண்டுமாம். யார் ஆரம்பித்து வைத்த கூத்தோ! ஆனால் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வீடியோவுக்கு ராயப்பனின் பேனர் கடைக்குத்தான் வருவார்கள். செய்து கொடுப்பவள் கார்முகில். ஊரில் பாதிப் பேரைக் கும்பிட வைத்தவள், சொந்த அப்பா கொளஞ்சியப்பன் போய்ச் சேர்ந்தபோது மட்டும் மவுஸைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதைச் சொல்வதற்கு முன் வேலையைச் சொல்லிவிட வேண்டும். போனவரின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் இறக்குவாள். தலை, உடம்பு, மேல்கை, முன்கை என்று தனித்தனியாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். பிறகு துண்டு துண்டாக எலும்பு போடுவாள். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்று. எலும்பைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். எந்த எலும்பு எதை இழுக்கலாம் என்று சரியாகச் சொல்லி வைக்காவிட்டால் வம்புதான். அவள் செய்த முதல் வீடியோவில் ஒரு பெரியவர் கையைத் தூக்க, கன்னமும் கூடவே இழுத்துக்கொண்டு மேலே போயிற்று. அந்த வீட்டு மருமகள் போனைக் கீழே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடினாளாம்.

அதையெல்லாம் சரிசெய்யக் கற்றுக்கொண்டாள். சரிசெய்ய முடியாத தொல்லை வேறு. இந்த ஊர் ஆம்பளைகளுக்கு உருப்படியான போட்டோ என்று இருப்பது நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போகிற கேட் பாஸுக்கு எடுத்தது ஒன்றுதான். அது நெஞ்சோடு நின்றுவிடும். கைக்கு எங்கே போவது? இன்டர்நெட்டில் கிடைத்த ஒரு கும்பிடும் கையை எடுத்து ஒட்டினாள். வந்த அம்மா பார்த்துவிட்டு, “எம்புருசன் மைன்ஸ்ல கரி ஓடுற பெல்ட்டுக்கு அடியில சிந்தினத வாரினவருங்க. இது பேங்க் மேனேஜரு கை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கார்முகிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கு அப்பா ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு நின்றார். அவரும் மைன்ஸில் கரி அள்ளுகிற காண்ட்ராக்ட் ஆள்தான். பெர்மனென்ட் ஆகாமலே தலை நரைத்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது.

“அப்பா, கும்புடற மாரி கைய வெச்சிக்கினு கொஞ்சம் நில்லுப்பா.”

“நான் என்னா எலக்‌ஷன்லயா நிக்கிறேன்?”

“செத்துப்போனவங்க படத்துக்கு வேணும்பா.”

கொளஞ்சியப்பன் சிரிப்பதை நிறுத்தினார். “அவங்களுக்குன்னா எடுத்துக்கோ. பாதி பேரு எங்கூட ஷிப்ட்டு பாத்தவங்கதான்” என்று கைகூப்பினார். பின்னால் வெள்ளை வேட்டியைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றவள் அம்மா நாகம்மாள்.

அவருடைய வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். எல்லாருக்கும் ஒத்துவர வேண்டுமே என்று, பக்கத்து நகத்தைப் பிரதி எடுத்து, அதன்மேல் ஒட்டி, பிளவை மறைத்துவிட்டாள் கார்முகில். ‘பொதுக்கை’ என்று பெயர் வைத்துச் சேமித்தாள். முதலில் எடுத்த படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அது இருந்த பழைய போனும் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்தக் கையால் கும்பிட்டார்கள்! போன வருஷம் பக்கத்துத் தெருத் தனத்தின் கணவர் பழனிசாமிக்கும் அதே கைதான். கடைக்கு வந்த தனம் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “இதான், இந்தக் கையிதான்” என்று அழுதாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? கார்முகில் வீடியோவை அவள் போனுக்கு அனுப்பி வைத்தாள்.

பிறகு ஒரு விடிகாலையில் நெஞ்சு வலி வந்து அப்பா போனார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

“காரியத்துக்கு வர்றவங்க கேப்பாங்கடி” என்றாள் நாகம்மாள். “ஊருக்கெல்லாம் செஞ்ச. பெத்தவருக்குச் செய்ய மாட்டியா?”

கடையிலிருந்து கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வந்து உட்கார்ந்தாள். கேட் பாஸ் படத்திலிருந்து முகம் வந்துவிட்டது. பொதுக்கையைத் திறந்தாள். அப்பா கைதான் அது, சந்தேகமே இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்கப் பழனிசாமியும் இன்னும் யார் யாரோவும்தான் தெரிந்தார்கள். நாளைக்கு வருகிறவர்களும் அப்படித்தானே பார்ப்பார்கள்? எல்லாருக்கும் போடுகிற கையையே பெற்றவனுக்கும் ஒட்டிவிட்டாள் என்பார்கள். அப்பாவை அப்பாவாக ஒரே ஒரு தரம் கும்பிட வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு அந்தப் பிளந்த நகம் வேண்டும்.

வரைந்து பார்த்தாள். பிளவு சாய்வாக ஓடுமா, நேராகவா? அடிவரை போகுமா? தினமும் சோறு பிசைந்த கை, அவளுக்கு நினைவில்லை. அதுதான் அவளை உடைத்துவிட்டது. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள்.

நாகம்மாள் வந்து திரையைப் பார்த்தாள். “சாய்வா இல்லடி. நேரா, நடுவுல. நுனியில ரெண்டா பிரிஞ்சி நிக்கும். பட்டன் போடசொல்ல நூலு மாட்டிக்கும், நாந்தான் எடுத்துவுடுவேன்.”

“உனக்கு மட்டும் எப்பிடிம்மா இவ்ளோ ஞாபகம்?”

“கதவ சாத்தினதே நாந்தான? கல்யாணமான புதுசு. மனுசன் கதவு நெலையில கைய வெச்சிக்கினு நின்னத பாக்கல. படார்னு சாத்திட்டேன். ரத்தம் கொட்டுது, ஒரு வார்த்த திட்டல. அதுக்கப்புறம் அந்த நகம் ஒழுங்காவே மொளைக்கல.”

அம்மா சொல்லச் சொல்ல மகள் வரைந்தாள். “இன்னும் கொஞ்சம் கீழ… ஆங், போதும்.” பிறகு தோளிலும் முழங்கையிலும் எலும்பு போட்டுத் திருப்பினாள். கொளஞ்சியப்பன் கை மெதுவாக மேலே வந்து கும்பிட்டது. நாகம்மாள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரியத்தன்று வாசல் பந்தலில் டிவியை வைத்து அந்த வீடியோவை ஓடவிட்டிருந்தார்கள். தனம் வந்தாள். உட்காரப் போனவள், திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“மொகிலு, இது எங்க வூட்டுக்காரரு கை மாரியே இருக்குதே!”

கார்முகிலுக்குச் சுருக்கென்றது. இல்லை, உங்களிடம் இருப்பதும் என் அப்பா கைதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவரே போய்விட்டார், கையைக்கூடவா விட்டுக் கொடுக்க வேண்டும்? ஆனால் அந்த ஒரு வார்த்தை போதும், தனத்துக்குப் போனில் மிச்சமிருப்பதும் போய்விடும். கார்முகில் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நாகம்மாளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனம் அதற்குள் டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்தாள். “இல்ல இல்ல, நாந்தான் தப்பா சொல்லிட்டேன். உங்கப்பாவுக்கு நகம் பொளந்திருக்குது. எங்காளுக்கு நகம் நல்லா இருக்கும்.”

“ஆமாங்க அத்த” என்றாள் கார்முகில். “இது எங்கப்பா கை.”

தனம் தன் போனை எடுத்து, பழனிசாமி கும்பிடுவதை நாகம்மாளிடம் காட்டினாள். “தெனம் பாத்துக்கினே இருப்பேன். நீங்களே பாருங்க.”

நாகம்மாள் போனைக் கையில் வாங்கினாள். அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா தனம்” என்றாள். “உன் வூட்டுக்காரருக்கு நகம் நல்லா இருக்குது.”