ஒன்று என்று ஒட்டிய டிஸ்க்

எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், சர்வரின் டிஸ்க்குகளை மேய்க்கும் ரெய்டு கார்டு செத்துப்போனதாம். டிஸ்க் இரண்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தும் யாராலும் படிக்க முடியவில்லையாம். அதே கார்டு எந்தக் கடையிலும் இல்லையாம். மச்சானிடம் யாரோ சொன்னது. மச்சான் அதை ரெட்டையிடம் சொன்னார். மனைவியின் அண்ணன், சர்வர்களோடேயே பிழைப்பு நடத்துபவர். அதனால் ரெட்டை நம்பினார்.

ரெட்டை ஒரு பல் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். சாவி, குடை, மூக்குக்கண்ணாடி, போன் எல்லாம் இரண்டிரண்டு வைத்திருப்பார். பெயர் அப்படித்தான் வந்தது. "நல்லவேளை, கல்யாணத்த ஒண்ணோட நிறுத்திட்டீங்க" என்பார் மனைவி.

புது சர்வர் வாங்கினார்கள். எட்டு வருட எக்ஸ்ரே படங்களும் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கிலும் பதிய வேண்டும். அந்த வேலையைத் தனிக் கார்டிடம் கொடுக்கலாம். சர்வரிலுள்ள சாஃப்ட்வேரிடமே விடவும் செய்யலாம்.

"கார்டு போட்டா, கெட்டுப்போன டிஸ்க்குல சிவப்பு லைட் எரியுமாமே?" என்றார் டாக்டரம்மா.

"லைட் எரியும் மேடம். கார்டே எரிஞ்சா?"

"என்னமோ பண்ணுங்க. படம் போச்சுன்னா நீங்களும் போயிடுவீங்க, அவ்வளவுதான்."

சாஃப்ட்வேரிடமே விட்டார். லைட் இல்லாத குறைக்கு, டிஸ்க்குகளின் நெற்றியில் தன் கையால் ஸ்டிக்கர் ஒட்டினார்: 1, 2. வேறெங்கும் நகல் எடுக்கவில்லை. இரண்டு இருக்கும்போது மூன்றாவது பேராசை.

பதினான்கு மாதம் ஒரு குறையுமில்லை. ஒரு வியாழக்கிழமை காலை 'டிஸ்க் 1 பழுது' என்று திரையில் வந்தது. ரெட்டை பதறவில்லை. மாற்று டிஸ்க்கும் இரண்டு வாங்கி வைத்திருந்தார். 1 என்று ஒட்டியிருந்ததை உருவினார்.

படங்கள் மொத்தமும் நின்றன.

சாஃப்ட்வேர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து எண்ணியது ரெட்டை மட்டும்தான். அது சொன்ன 1, இவர் ஒட்டிய 2. கையில் இருந்தது நல்ல டிஸ்க். உள்ளே இருந்தது செத்தது.

திரும்பச் செருகினால் நல்லதைப் பார்த்துச் செத்தது எழுந்திருக்குமா, செத்ததைப் பார்த்து நல்லதும் அழிந்துவிடுமா? மச்சானுக்குத் தெரியும்.

"என்னங்க, படம் வரலையே?" பக்கத்து அறையிலிருந்து டாக்டரம்மா. "இவர் வாயத் திறந்தே வெச்சிருக்கார்."

"மூடிக்கச் சொல்லுங்க மேடம். அஞ்சே நிமிஷம்."

கைக்குட்டையை விரித்து டிஸ்க்கை அதன்மேல் வைத்தார். மச்சானை அழைத்தார். மணி முழுதாகப் போய் அடங்கியது. அடுத்த போனை எடுத்தார். போன் இரண்டு இருந்தது, மச்சான் ஒருவர்தான். அதிலும் மணி போய்க்கொண்டிருந்தது.